கருத்தாக்கத்தை வரையறுப்பது எப்படி: ‘பொய்’யை வைத்து ஒரு செய்முறை

அகராதியைப் புரட்டுபவருக்கு அந்தச் சொல்லைப் புழங்கத் தெரியாது. மெய்யியலாளர்கள் வரையறை தேடுவதோ எல்லோருக்கும் புழங்கத் தெரிந்த சொற்களுக்கு: அறிவு, நீதி, காரணம், பொறுப்பு, பொய். ‘அவன் பொய் சொல்றான்’ என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சரியான இடத்தில் சொல்லிவிடும். எந்த விதியை வைத்துப் பொய்யையும் பொய்யல்லாததையும் பிரிக்கிறோம் என்று கேட்டால் பெரியவர்களுக்கே வாயடைத்துப் போகும். பிரிக்கத் தெரியும்; பிரிக்கும் விதி தெரியாது. வேலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த வேலையின் படிகளை ‘பொய்’ என்ற ஒரே கருத்தாக்கத்தில் இங்கே செய்துகாட்டுகிறோம். நீங்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டு கூடவே செய்துவரலாம். முதல் முயற்சிக்கு அன்பு, சுதந்திரம், கலை போன்றவை வேண்டாம். அவற்றில் எந்த எடுத்துக்காட்டைத் தொட்டாலும் சண்டை வரும், முறை கைக்கு வராது. வாக்குறுதி, திருட்டு, விபத்து, பரிசு, மன்னிப்பு போன்ற கைக்கு அடக்கமான ஒன்று போதும்.

கேள்வியை ஒழுங்காக எழுதுதல்

பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் பக்தி என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். ‘நான் இப்போது செய்வதுதான், குற்றம் செய்தவர் தந்தையே ஆனாலும் வழக்குத் தொடுப்பது’ என்கிறார் யூதிஃப்ரோ. சாக்ரடீஸ் விடுவதில்லை. பக்தியான செயல்களில் ஒன்றிரண்டைச் சொல்லச் சொல்லவில்லை, அவை எல்லாவற்றையும் பக்தியாக்குவது எது என்று கேட்டேன் என்கிறார். புதிதாக வருபவர்கள் இன்றும் முதலில் சறுக்குவது இங்கேதான். வரையறை கேட்டால் எடுத்துக்காட்டைத் தருவார்கள். இல்லாவிட்டால் விளைவைச் சொல்வார்கள் (‘பொய் என்பது நம்பிக்கையைக் குலைப்பது’). அதுவும் இல்லாவிட்டால் மதிப்பீட்டைச் சொல்வார்கள் (‘பொய் என்பது பாவம்’). மூன்றுமே உண்மையாக இருக்கலாம். எது பொய் என்று கண்டுபிடிக்க மூன்றும் உதவாது.

அடுத்து, எந்தப் பயன்பாட்டை ஆராய்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். ‘அந்தச் செய்தி பொய்’ என்பதில் ஒரு கூற்று உண்மையல்ல என்கிறோம். ‘பொய்க்கால்’ என்பதில் ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறோம். ‘பொய் சொன்னான்’ என்பது ஒரு செயல். மூன்றையும் ஒரே வரையறைக்குள் திணிக்கப் பார்த்தால் நாள் முழுக்கப் போராடியும் ஒன்றும் தேறாது. நாம் எடுப்பது செயலை. ஆகவே கேள்வியை இப்படி எழுதுகிறோம்:

‘பேசுபவர், கேட்பவரிடம், ஒரு கூற்றின் மூலம் பொய் சொல்கிறார்: எந்த நிபந்தனைகள் நிறைவேறினால், அவை நிறைவேறினால் மட்டுமே?’

‘நிறைவேறினால்’ என்பது போதுமான நிபந்தனை: அவ்வளவும் இருந்தால் அது பொய்தான். ‘நிறைவேறினால் மட்டுமே’ என்பது தேவையான நிபந்தனை: அவற்றில் ஒன்று குறைந்தாலும் அது பொய்யல்ல. வரையறை இரண்டு பக்கமும் காவல் காக்க வேண்டும்.

வரையறைக்கு முன்னால் நிகழ்வுகள்

வரையறையை முதலில் எழுதிவிட்டால் அதற்கு ஒத்துவரும் எடுத்துக்காட்டுகள் மட்டுமே கண்ணில் படும். அதனால் தாளை மூன்றாகப் பிரித்து, முதலில் நிகழ்வுகளை எழுதுங்கள்: ஐயமில்லாமல் ஆம், ஐயமில்லாமல் இல்லை, தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு போதும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்று பொருள்.

முதல் பத்தியில், தேர்வில் தோற்றவர் ‘தேறிவிட்டேன்’ என்று வீட்டில் சொல்வது போன்றவை வரும். இரண்டாவதில், நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தவறாகச் சொல்பவர், மேடையில் ‘நான்தான் அரசன்’ என்னும் நடிகர், வாயே திறக்காமல் இருப்பவர். மூன்றாவது பத்திதான் புதையல். நாமும் மூன்றை எழுதிவைப்போம்.

ஒன்று: நண்பன் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்று நம்புபவர், துரத்திவந்தவர்களிடம் ‘மலைப்பக்கம் போய்விட்டான்’ என்கிறார். அவருக்குத் தெரியாமல் நண்பன் உண்மையிலேயே மலைக்குப் போயிருக்கிறான்.

இரண்டு: காணொளியில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, விசாரிப்பவர்களுக்கும் அது தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். இருந்தும் ‘நான் அங்கே போகவே இல்லை’ என்கிறார்.

மூன்று: துரோணரிடம் தருமன் சொன்ன ‘அசுவத்தாமன் இறந்தான்’. இறந்தது அந்தப் பெயர் கொண்ட யானை.

கூடவே பக்கத்து வீட்டுக்காரர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏமாற்றுதல், மறைத்தல், அளந்துவிடுதல், நடித்தல். நல்ல வரையறை இவை எல்லாவற்றிலிருந்தும் பொய்யைப் பிரித்துக்காட்ட வேண்டும்.

முதல் வரைவும் மூன்று குற்றங்களும்

இனி வரைவு எழுதலாம். முதல் வரைவு மோசமாக இருப்பது நல்லது; எளிதில் உடையும், எங்கே உடைகிறது என்று தெளிவாகத் தெரியும்.

வரைவு 1: பேசுபவர் உண்மையல்லாத ஒன்றைச் சொல்கிறார்.

உடைந்த இடத்தைப் பெயரிட, இந்தியத் தருக்க மரபான நியாயம் கச்சிதமான மூன்று பெயர்களை வைத்திருக்கிறது. பசுவை ‘கபில (பழுப்பு) நிறமுடையது’ என்று வரையறுத்தால் வெள்ளைப் பசு வெளியே நிற்கும். இது அவ்வியாப்தி, குறுகிய வரையறை. ‘கொம்புள்ளது’ என்றால் எருமையும் உள்ளே வரும்; இது அதிவியாப்தி, அகன்ற வரையறை. ‘பிளவுபடாத ஒற்றைக் குளம்புள்ளது’ என்றால் ஒரு பசுகூடத் தேறாது, இது அசம்பவம். கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடியைத்தான் அவர்கள் பசுவின் இலக்கணமாகக் கொண்டார்கள்.

குற்றத்தின் வகை தெரிந்தால் மருந்தும் தெரியும். அகன்றிருந்தால் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். குறுகியிருந்தால் ஒன்றை நீக்க வேண்டும் அல்லது தளர்த்த வேண்டும். ஒரே நேரத்தில் அகன்றும் குறுகியும் இருந்தால், பிடித்த கூறே தவறு. ஒட்டுப்போட்டுப் பயனில்லை, வேறு கூறைத் தேடுங்கள். அசம்பவம் என்றால் தாளைக் கசக்கிப் போட்டுவிடலாம்.

வரைவு 1 இரண்டு பக்கமும் உடைகிறது. நின்றுபோன கடிகாரத்தை நம்பியவரைப் பொய்யராக்குகிறது: அகன்றது. மலைப்பக்கம் கைகாட்டியவரைப் பலர் ‘பொய்தான் சொன்னார், தற்செயலாக உண்மையாகிவிட்டது’ என்பார்கள். வரைவு அவரை விட்டுவிடுகிறது: குறுகியது. கூற்று உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதில் பொய் இல்லை, பேசுபவரின் நம்பிக்கையோடு ஒத்துப்போகிறதா என்பதில் இருக்கிறது போலும்.

வரைவு 2: தான் உண்மையல்ல என்று நம்பும் ஒன்றைச் சொல்கிறார்.

இப்போது நடிகர் உள்ளே நுழைந்துவிட்டார். கிண்டலாக ‘ஆகா, பிரமாதமாகச் செய்தாய்!’ என்பவரும் நுழைந்துவிட்டார். அகன்றது மட்டும்தான், ஆகவே ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்.

வரைவு 3: தான் உண்மையல்ல என்று நம்பும் ஒன்றை, கேட்பவர் நம்பி ஏமாற வேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்கிறார்.

பெரும்பாலோர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். கி.பி. 395 வாக்கில் பொய்யைப் பற்றி எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் இதே இடத்துக்கு வந்தார், ஆனால் ஒரு கவனத்தோடு: ஏமாற்றும் எண்ணத்தோடு உண்மையல்லாததைச் சொல்வது பொய் என்பதில் ஐயமில்லை, அது மட்டும்தான் பொய்யா என்பது வேறு கேள்வி. போதுமானதா, தேவையானதா என்ற வேறுபாடுதான் இது.

எதிர்க்காட்டு செய்யும் முறை

வரையறையை உடைக்கும் நிகழ்வுக்கு எதிர்க்காட்டு என்று பெயர். அது மேதைகளுக்கு மின்னலாய்த் தோன்றுவது என்று நினைக்க வேண்டியதில்லை, முறையாகத் தேடலாம். வரையறையில் மூன்று நிபந்தனைகள் இருந்தால் நான்கு கேள்விகள். ஒவ்வொரு நிபந்தனையாக எடுத்து, ‘இது மட்டும் இல்லை, மற்ற இரண்டும் உண்டு, இருந்தும் இது பொய்தான்’ என்னும்படி ஒரு நிகழ்வைக் கட்டப் பாருங்கள், மூன்று முயற்சிகள். கட்ட முடிந்தால் அந்த நிபந்தனை தேவையில்லாதது. நான்காவது, ‘மூன்றும் உண்டு, இருந்தும் பொய்யல்ல’. கட்ட முடிந்தால் மூன்றும் சேர்ந்தும் போதவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

வரைவு 3இல் ‘ஏமாற்றும் நோக்கம்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். காணொளியில் சிக்கியவர் அங்கேதான் நிற்கிறார்! யாரும் நம்பப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். நம்பவைக்க அவர் முயலவும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகக் கூடாது, அவ்வளவுதான். இருந்தும் ‘கூசாமல் பொய் சொல்கிறான்’ என்போம். மெய்யியலாளர்கள் தாமஸ் கார்சன் 2006இலும் ராய் சோரன்சன் 2007இலும் இத்தகைய அப்பட்டமான பொய்களை முன்வைத்த பிறகு, பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த ஏமாற்றும் நோக்கம் ஆட்டம்கண்டது. 

வரைவு 4: தான் உண்மையல்ல என்று நம்பும் ஒன்றை, ‘இது உண்மை, இதற்கு நான் பொறுப்பு’ என்று ஏற்கும் வகையில் உறுதிகூறுகிறார்.

நடிகர் எதற்கும் பொறுப்பேற்பதில்லை, கிண்டல் செய்பவரும் இல்லை. இருவரும் வெளியே போகிறார்கள். காணொளிக்காரர் விசாரணையில் பதிலளிக்கிறார், பொறுப்பேற்கிறார், உள்ளே வருகிறார். முன்னேற்றம்தான்.

ஒட்டுப்போடும் நோய்

எதிர்க்காட்டின் வலிமைக்குப் புகழ்பெற்ற சான்று, எட்மண்ட் கெட்டியர் 1963இல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரை. ‘அறிவு என்பது தகுந்த ஆதாரமுள்ள உண்மையான நம்பிக்கை’ என்ற வரையறையை அது உடைத்தது. வேலை ஜோன்ஸுக்குத்தான் கிடைக்கும் என்பதற்கும், ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் உள்ளன என்பதற்கும் ஸ்மித்திடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. ‘வேலை கிடைக்கப்போகிறவர் பையில் பத்து நாணயங்கள் உள்ளன’ என்று முடிவுசெய்கிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவர் பையிலும், அவர் அறியாமலே, பத்து நாணயங்கள். நம்பிக்கை உண்மை, ஆதாரமும் உண்டு. அதை அறிவு என்று சொல்ல மனம் வருமா?

இதன் அமைப்பு பழையது. எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த மெய்யியலாளர் தர்மோத்தரர் காட்டும் நிகழ்வில், பாலையில் செல்பவர் கானலைத் தண்ணீர் என்று நம்பிப் போகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் பாறைக்கடியில் உண்மையிலேயே தண்ணீர் இருக்கிறது. செய்முறை ஒன்றுதான்: துரதிர்ஷ்டத்தால் ஆதாரம் உண்மையைத் தவறவிடட்டும், பிறகு அதிர்ஷ்டத்தால் முடிவை உண்மையாக்குங்கள். ஆதாரம் உண்மைக்கு உத்தரவாதம் தராத எந்த வரையறையையும் இந்தச் செய்முறையால் உடைக்கலாம் என்று லிண்டா சாக்சப்ஸ்கி 1994இல் காட்டினார்.

1963க்குப் பின் நடந்தது ஒரு பாடம். அதே ஆண்டில் மைக்கேல் கிளார்க் ‘காரணங்களில் பொய்யானது எதுவும் கலந்திருக்கக் கூடாது’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். நாணயக் கதைக்கு அது போதும். ஆல்வின் கோல்ட்மன் 1976இல் எழுதிய களஞ்சியக் கதைக்குப் போதாது: வண்டியோட்டி ஒரு களஞ்சியத்தைப் பார்த்து ‘அதோ களஞ்சியம்’ என்கிறார், அது நிஜம், ஆனால் அந்த வட்டாரம் முழுக்க முன்சுவர் மட்டுமுள்ள போலிகள். அவர் எந்தப் பொய்யான காரணத்தையும் நம்பவில்லை, இருந்தும் அதை அறிவு என்று சொல்லப் பலர் தயங்குவார்கள். இப்படியே நிபந்தனைகள் நான்காகி, ஐந்தாகி, துணை விதிகளோடு வளர்ந்தன.

உங்கள் தாளிலும் இது நடக்கும். புதிய நிபந்தனை மருந்தா வெறும் ஒட்டா என்று பிரிக்க ஒரு கேள்வி உண்டு: இது அந்த நிகழ்வை விலக்குவதோடு நிற்கிறதா, அது ஏன் விலக வேண்டும் என்பதையும் சொல்கிறதா? ‘…ஆனால் பேசுபவர் மேடையில் இருக்கக் கூடாது’ என்று வரைவு 2இல் சேர்த்திருந்தால் நடிகர் போயிருப்பார். காரணம் விளங்கியிருக்காது, கிண்டல்காரருக்கு இன்னொரு விதி தேவைப்பட்டிருக்கும். ‘பொறுப்பேற்று உறுதிகூறல்’ இருவரையும் ஒரே காரணத்தால் விலக்குகிறது.

எதிர்க்காட்டை நம்பும் முன்

ஒவ்வொரு எதிர்க்காட்டுக்கும் மூன்று பதில்கள் உண்டு: வரையறையை மாற்றலாம், நிகழ்வைப் பற்றிய நம் தீர்ப்பே தவறு என்று ஏற்கலாம், கருத்தாக்கத்தை இரண்டாகப் பிரிக்கலாம். புதியவர்கள் எப்போதும் முதல் வழியையே எடுக்கிறார்கள். அதற்கு முன் தீர்ப்பைச் சோதியுங்கள். தருமனின் நிகழ்வு இதற்கு அருமையான களம்.

‘அது பொய்தான்’ என்று உடனே தோன்றுகிறது. அந்த உணர்வு எதைப் பற்றியது? தருமன் செய்தது தவறு என்பதைப் பற்றியதாகவும் இருக்கலாம். கண்டிக்கத்தக்கதெல்லாம் பொய்யாகிவிடாது, உண்மையையே சொல்லி ஏமாற்றுவதும் கண்டிக்கத்தக்கதுதான். ஆகவே கண்டனத்தைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்: அவர் என்ன சொன்னார்? ‘யானை’ என்ற சொல் துரோணர் காதில் விழாதபடி மெல்லச் சொல்லப்பட்டது. கேட்காத சொல் சொன்னதில் சேருமா? சேராது என்றால், ‘அசுவத்தாமன்’ என்ற பெயர் யாரைக் குறிக்கிறது? பேசியவர் மனத்தில் யானை. கேள்வி கேட்டவர் மகனைப் பற்றிக் கேட்டார்; ஒரு கேள்விக்குப் பதிலாக வரும் பெயர் அந்தக் கேள்வியிலுள்ள ஆளையே குறிக்கும் என்றால், தருமன் மகன் இறந்ததாகவே உறுதிகூறியிருக்கிறார், அது பொய். சொன்னதன் பொருளைப் பேசுபவரின் மனம் தீர்மானிக்கிறதென்றால், அவர் ஏமாற்றினார், பொய் சொல்லவில்லை.

கவனியுங்கள், நம் தடுமாற்றம் ‘பொய்’யில் இல்லை, ‘சொல்லுதல்’ என்பதில் இருக்கிறது. நான்கு வரைவுகளிலும் கேள்வி கேட்காமல் விட்ட பகுதி அது. ஐயமான நிகழ்வுகளின் பெரிய பயன் இதுதான்: தீர்ப்புத் தராவிட்டாலும், எந்தப் பகுதி இன்னும் ஆராயப்படவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சோதனை: ‘அப்படிச் சொல்வது பொருத்தமில்லை’ என்பதும் ‘அது உண்மையல்ல’ என்பதும் வேறு. நான்கு பிள்ளைகள் உள்ளவர் ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு’ என்றால் காது உறுத்தும். கண்டிப்பாகப் பார்த்தால் அது உண்மையா, நம்மை வேறு முடிவுக்கு இழுப்பது மட்டும்தானா என்பது தனிக் கேள்வி. மொழி மெய்யியலாளர் பால் கிரைஸ் உரையாடலைப் பற்றிச் செய்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டை நிலைநாட்டின.

கடைசியாக, உங்கள் தீர்ப்பு உங்களுடையது மட்டுமா? மலைப்பக்க நிகழ்வை நான்கைந்து பேரிடம் சொல்லிப் பாருங்கள். ‘இது பொய்தானே?’ என்று கேட்காமல், ‘அவர் என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். பதில்கள் பிரியும், பிரிவதே ஒரு தகவல். 2001இல் வைன்பெர்க், நிக்கல்ஸ், ஸ்டிச் மூவரும் கெட்டியர் வகை நிகழ்வுகளில் பண்பாட்டுக்கேற்பத் தீர்ப்பு மாறுவதாக அறிவித்தது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது, ‘எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றும்’ என்பதைக் கேட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது என்பதே.

சுழல்

வரையறுக்கும் சொற்கள் வரையறுக்கப்படும் சொல்லைவிடத் தெளிவாக இருக்க வேண்டும், அதையே மறைமுகமாகப் பயன்படுத்தவும் கூடாது. வரைவு 4இல் ‘உறுதிகூறல்’ என்று எழுதினோம். அதை ‘பொய்யில்லாமல் பேசுவதாகக் காட்டிக்கொள்ளுதல்’ என்று விளக்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். சோதிக்கும் வழி எளிது: முக்கியமான ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் விளக்கத்தை இட்டு, முழு வாக்கியத்தையும் மறுபடி எழுதுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குள் தலைப்புச் சொல் தலைகாட்டினால் சுழல். ‘பிறகு கூற்று தவறென்று தெரிந்தால் பழியை ஏற்கக் கடமைப்படுதல்’ என்று உறுதிகூறலை விளக்கினால் தப்பிக்கலாம். ‘கடமை’ தெளிவான சொல்லா என்ற சச்சரவு தனி.

எதுவும் தேறாதபோது

சில கருத்தாக்கங்களுக்குப் பொதுக் கூறு கிடைக்காமலே போகலாம். விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இல்லை, ஒரு குடும்பத்தாரிடையே காணும் சாயல்போல ஒன்றோடொன்று பின்னிய ஒற்றுமைகள்தான் உண்டு என்றார் விட்கென்ஸ்டைன். அவர் மறைந்த பின் 1953இல் அது அச்சானது. சோம்பேறிகளுக்கு மிகவும் பிடித்த கருத்து இது. பத்து நிமிடம் முயன்றுவிட்டு ‘குடும்பச் சாயல்’ என்று எழுதிவிடாதீர்கள். 1978இல் பெர்னார்ட் சூட்ஸ் அதே விளையாட்டை எடுத்து, தேவையற்ற தடைகளைத் தாமாக ஏற்றுக் கடக்க முயல்வது என்று வரையறுத்துக் காட்டினார். அது எல்லா விளையாட்டுக்கும் பொருந்துகிறதா என்பதில் இன்னும் வாதம் உண்டு; முயற்சி வீணில்லை என்பதில் இல்லை.

இரண்டாவது வழி, பகுக்க முடியாது என்று ஏற்று, உறவுகளை மட்டும் எழுதுவது. டிமதி வில்லியம்சன் 2000இல் அறிவைப் பற்றி எடுத்த நிலை இது. அறிவை நம்பிக்கை, ஆதாரம் என்று பிரித்துக் கட்ட முடியாது. அறிந்ததெல்லாம் உண்மை என்பது போன்ற தேவையான நிபந்தனைகளைச் சொல்ல முடியும்.

மூன்றாவது, இருப்பதைப் படம்பிடிப்பதை விட்டுவிட்டு, செம்மைப்படுத்துவது. ருடால்ஃப் கார்னாப் 1950இல் இதற்கு நான்கு அளவுகோல்களைத் தந்தார்: பழைய பயன்பாட்டோடு ஒப்புமை, துல்லியம், பயன்விளைவு, எளிமை. ஒரு காலத்தில் திமிங்கிலமும் மீன்தான். விலங்கியலாளர்கள் எல்லையை மாற்றி வரைந்தபோது பழைய பயன்பாட்டோடு ஒப்புமை கொஞ்சம் குறைந்தது; புதிய ‘மீன்’ பற்றிச் சொல்லக்கூடிய பொது உண்மைகள் பெருகின. அறத்தை நோக்கியும் இப்படித் திருத்தலாம். ‘வாய்மை எனப்படுவது யாதெனின்’ என்று தொடங்கி, யாதொன்றும் தீமை இலாத சொல்லே அது என்று முடிக்கும் குறள் வழக்கிலுள்ள எல்லையைப் பதிவுசெய்யவில்லை, எல்லை எங்கே இருக்க வேண்டும் என்கிறது. ‘தீமை தரும் உண்மையும் உண்டே’ என்ற எதிர்க்காட்டு அதைத் தொடாது. அதனோடு வாதாட வேண்டுமென்றால், இப்படி எல்லை வகுப்பதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று கேட்க வேண்டும். நீங்கள் எந்த வகை வேலை செய்கிறீர்கள் என்பதைத் தாளின் உச்சியிலேயே எழுதிவிடுங்கள். பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, எதிர்க்காட்டு வந்தபோது ‘நான் திருத்தத்தானே முயன்றேன்’ என்று நழுவுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று.

தாளை முடிக்கும் விதம்

இறுதி வரைவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதன் கீழே மூன்று குறிப்புகள்: வரைவு சரியாகக் கையாளும் நிகழ்வுகள், உங்கள் முதல் தீர்ப்பைக் கைவிட வேண்டிவந்த நிகழ்வுகள் (காரணத்தோடு), இன்னும் தீராதவை. கைவிடப்பட்ட வரைவுகளையும் அவற்றை உடைத்த நிகழ்வுகளையும் அழிக்காதீர்கள். எந்த நிபந்தனை எதற்காக வந்தது என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது.

பிறகு வாக்கியத்தை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். நிகழ்வுப் பட்டியலைக் காட்ட வேண்டாம். காட்டினால் நீங்கள் யோசித்த பாதையிலேயே அவரும் நடப்பார். வரைவு 4ஐ இப்படிக் கொடுத்தால், பெரும்பாலும் அரைநம்பிக்கையில்தான் அடிப்பார்கள். கடிதத்தை அஞ்சலில் சேர்த்தோமா இல்லையா என்று நினைவில்லாதவர் ‘நேற்றே அனுப்பிவிட்டேன்’ என்று அடித்துச் சொல்கிறார். அது உண்மையல்ல என்று அவர் நம்பவில்லை. உண்மை என்றும் நம்பவில்லை. வரைவு அவரை விட்டுவிடுகிறது. ‘உண்மையல்ல என்று நம்பும்’ என்பதை ‘உண்மை என்று நம்பாத’ என்று தளர்த்தினால் அவர் உள்ளே வருவார்; உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் அளந்துவிடுபவரும் கூடவே வருவார். அளப்பதும் பொய்யில் ஒரு வகையா, பொய்க்குப் பக்கத்து வீடா? வரைவு 5 அங்கிருந்து தொடங்குகிறது.